லேபிள்1-இல் ஒரு சந்தேகம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து திருடியது. கணினியில் விண்டோ, பட்டன், எழுத்தைக் காட்டும் லேபிள் என்று நிரல் எழுதப் புதிதாகப் பழகுகிறவர்கள் உதவி கேட்கும் இணையக் குழு ஒன்று இருக்கிறது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அடுத்த வீட்டுச் சண்டையைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறவர்களைப் போல அவ்வப்போது போய் எட்டிப் பார்ப்பேன். ஒருநாள் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

"எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். பட்டனை அழுத்தினா லேபிள்ல எழுத்து மாறணும். மாறல. எரரும் வரல. என்ன தப்புன்னே தெரியல."

ஒன்றும் மாறவில்லை, ஆனால் தவறு என்றும் யாரும் சொல்லவில்லை. குடும்பம் நடத்துகிற எவருக்கும் பழக்கமான நிலைமைதான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த 'ஒரு சந்தேகம்'. பாடத்தில் எழுகிற கேள்விக்கும் நாம் சந்தேகம் என்றுதான் சொல்கிறோம். பக்கத்து அறையில் இருக்கிற ஆளை நினைத்துத் தூக்கம் கெடுகிறதே, அதற்கும் சந்தேகம் என்றுதான் சொல்கிறோம். முன்னதைக் கேட்கலாம். பின்னதைப் படத்தான் முடியும்.

இந்த இரண்டையும் ஒரே வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசைப்பட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை விட்ட ஒரு மாலையில் அவள் தன் கணவனின் —"

[மழை வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.]

இரண்டாவது: "அவளுக்குத் தெரிந்துவிட்டது."

[என்ன தெரிந்தது என்று எனக்கே இன்னும் தெரியாது. வாசகரை ஏமாற்றலாம், தப்பில்லை. முதல் வரியிலேயே ஏமாற்றினால் சண்டைக்கு வருவார்.]

மூன்றாவது, இப்போதைக்கு நிற்கிறது:

குழுவில் எல்லாரும் அவளைக் கறார் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பல் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருளை எழுதும் நிறுவனத்தில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். முன்னறையில் ஒரு மேசை, இரண்டு திரை, முதுகுக்கு ஒரு தலையணை. இடையிடையே குழுவுக்குப் போய்ப் புதியவர்களுக்குப் பதில் சொல்வாள். பதில் கச்சிதமாக இருக்கும், கூடவே ஒரு குட்டும் விழும். "'வேலை செய்யல'ன்னு மொட்டையா போட்டா நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்? முழு புரோகிராம் கோடும் போடுங்க, ஸ்கிரீன்ஷாட் போடுங்க." குட்டு வாங்கியவர்களே மறுநாள் "அக்கா, இன்னொரு சந்தேகம்" என்று வந்து நிற்பார்கள்.

அவளுடைய கணவர் மருந்துக்கடையில் மருந்தாளுநர். கடைக்கு மதியம் நீண்ட இடைவேளை. வீட்டுக்கு வருவார், வாசலில் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றுவார், சாப்பிடுவார், உள் அறைக்குப் போய்விடுவார். அவளுடைய பழைய லேப்டாப் இப்போது அங்கேதான் இருக்கிறது. "கம்ப்யூட்டருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம்" என்பது கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சொல்லிவரும் வசனம். அப்படிச் சொன்ன மனிதர் கொஞ்ச நாளாக மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு அந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

3

குழுவுக்குக் கத்துக்குட்டி என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். தன்னைத் தானே அப்படி அழைத்துக்கொள்கிறவர் மெய்யாகவே கத்துக்குட்டியாக இருக்கலாம், அல்லது பழம் தின்று கொட்டை போட்டவராகவும் இருக்கலாம்.

முதல் கேள்வி சாதாரணமானது: விண்டோவைத்* திரையின் நட்டநடுவில் நிறுத்துவது எப்படி? சொல்லிக்கொடுத்தாள். அடுத்தது, அது மற்ற எல்லாவற்றுக்கும் மேலேயே நிற்க வேண்டும். அதையும் சொல்லிக்கொடுத்தாள். பிறகு, மூடுவதற்காக மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை எடுத்துவிட முடியுமா? இங்கே அவளுடைய புருவம் லேசாக உயர்ந்தது. ஆனாலும் கை தானாகப் பதிலைத் தட்டிவிட்டது. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது அவளுக்கு வராது. நிரல் ஓடுவது திரையின் அடியில் இருக்கும் டாஸ்க்பாரில் தெரியக்கூடாது என்றார் கத்துக்குட்டி. கடைசியாக, ஒருவர் மவுஸையும் கீபோர்டையும் விடாமல் எவ்வளவு நேரமாகத் தொட்டுக்கொண்டிருக்கிறார் என்று நிரலால் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார்.

"எதுக்குங்க இதெல்லாம்?" என்று எழுதினாள்.

"சும்மா கத்துக்கறதுக்குத்தான் அக்கா."

"சும்மா கத்துக்கறவங்க கால்குலேட்டர் போடுவாங்க. நீங்க ஒளிஞ்சிருந்து பாக்கற மாதிரி ஒண்ணு போடறீங்க."

"வீட்டுல ஒருத்தருக்காக அக்கா."

"அந்த ஒருத்தருக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா வைக்க விடமாட்டாங்க அக்கா."

யாரோ இடையில் புகுந்து "வீட்டுக்காரம்மாவா?" என்று சிரிக்கும் முகங்களை வரிசையாக அடுக்கினார். கத்துக்குட்டி இல்லையென்று சொல்லவில்லை.

* விண்டோவை ஜன்னல் என்றே எழுதிப் பார்த்தேன். ஆனால் அடுத்த பகுதியில் ஒரு திரைச்சீலை வருகிறது. எந்த ஜன்னல் என்று உங்களுக்குக் குழப்பம் வரும். குழப்புவதற்கு என்னிடம் வேறு சமாச்சாரங்கள் இருக்கின்றன.

4

ஆரம்பக்காரர்களுக்கே உரிய ஒரு பழக்கம் உண்டு. ஸ்கிரீன்ஷாட் போடுங்கள் என்றால் செல்போனைத் தூக்கித் திரையைப் படம் பிடித்துப் போடுவார்கள். படம் முழுக்க அலையலையாகக் கோடு ஓடும். நிரலைத் தவிர மற்றதெல்லாம் தெரியும்: எடுத்தவரின் கட்டைவிரல், மேசை மேல் டம்ளர், திரைக் கண்ணாடியில் அறையின் பாதி. இதற்காகக் கறார் அக்காவிடம் திட்டு வாங்காதவர் கிடையாது.

கத்துக்குட்டியும் அப்படித்தான் ஒரு படம் போட்டார். அவள் திட்டவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். திரையின் இருட்டான ஓரத்தில் ஒரு திரைச்சீலை மங்கலாகத் தெரிந்தது. பச்சைக் கட்டம் போட்டது.

உள் அறையில் தொங்குவதும் பச்சைக் கட்டம்தான்.

(முதலில் அந்த இடத்தில் அவர்களுடைய கல்யாணப் போட்டோவை வைத்திருந்தேன். கதை போலீஸ் வேலையாகிவிட்டது, எடுத்துவிட்டேன். பச்சைக் கட்டத் திரைச்சீலை எந்தக் கடையிலும் கிடைக்கும். உங்கள் வீட்டில்கூட இருக்கலாம். திரும்பிப் பார்க்காதீர்கள்.)

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. "நிறைய முயற்ச்சி செஞ்சேன் அக்கா" என்று எழுதியிருந்தார் கத்துக்குட்டி. முயற்சியில் ஒரு ச் கூடுதல். அவளுடைய கணவர் கடையிலிருந்து அனுப்பும் செய்தியெல்லாம் "சீக்கிரம் வர முயற்ச்சி பண்றேன்" என்றுதான் இருக்கும். கல்யாணமான புதிதில் அவள் திருத்தினாள். அவர் சிரித்தார், மறுநாளும் அதே ச் வந்தது. பிறகு அவள் விட்டுவிட்டாள்.

இந்தப் பிழையைச் செய்யாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது அவளுக்கும் தெரியும். (இதை எழுதியதும் நானே மேலே போய், 'முதல் முயற்சி' என்று எழுதிய இடத்தைச் சரிபார்த்துவிட்டு வந்தேன்.) ஆனால் சந்தேகம் வந்த மனசுக்குத் திரைச்சீலையும் ச்சும் போதும், மிச்சத்தை அதுவே தைத்துக்கொள்ளும். உள் அறைக்குள்ளிருந்து கீபோர்டு சத்தம் கேட்டது. நின்றது. அவளுடைய திரையில் கத்துக்குட்டியின் புதிய பதிவு வந்து விழுந்தது.

5

எனக்கு இந்தக் கணவர்மீது ஒரு சந்தேகம்.

முதல் வரைவில் அவரைச் சாதுவாகத்தான் படைத்தேன். சாதுவான ஆள் வேவு பார்க்கிறார் என்றால் யார் நம்புவார்கள் என்று இரண்டாவது வரைவில் கொஞ்சம் சிடுசிடுப்பைச் சேர்த்தேன். மூன்றாவதில் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய போனை எடுத்து நோண்ட வைத்தேன். வேலை கனஜோராக நடக்கிறது என்ற நினைப்பில் மேலே போய்ப் படித்தால், இரண்டாம் பகுதியில் அந்த மனிதர் பாட்டுக்குச் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். இத்தனை நாள் நான் திருத்திக்கொண்டிருந்தது யாரையோ. இவரைத் தொடவே இல்லை.

அவள்மீதும் சந்தேகம்தான். மறைக்க ஒன்றும் இல்லாதவளுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? அவளைக் குடைந்ததில் ஒன்று கிடைத்தது. அவளுடைய ஆபீஸ் வேலை மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மாலை முழுக்க அவள் உட்கார்ந்திருப்பது குழுவில்தான், முகம் தெரியாதவர்களின் விண்டோவையும் பட்டனையும் சரிசெய்துகொண்டு. அங்கே அவளுக்காகக் காத்திருக்கிறார்கள், நன்றி சொல்கிறார்கள், குட்டினால்கூடச் சிரிக்கிறார்கள். அது அவளுக்கு வேண்டியிருந்தது. கணவர் கேட்டால் மட்டும் "ஆபீஸ் வேலைங்க" என்பாள். ஒருவர் மவுஸை எவ்வளவு நேரம் தொடுகிறார் என்று எண்ணும் நிரலுக்கு அது ஆபீஸ் வேலை இல்லை என்று கண்டுபிடிக்க எத்தனை நாளாகும்?

பயந்து போனாள். தங்கைக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மாமா டிவி ரிமோட்டைத் தலைகீழா பிடிச்சுக்கிட்டு சேனல் மாறலன்னு சொல்ற ஆளு. அவரு உன்னை வேவு பாக்க சாஃப்ட்வேர் எழுதறாரா?"

"அதான் கத்துக்கிட்டிருக்காரே."

"யாரு கத்துக்குடுக்கறா?"

கறார் அக்கா உள் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நான்தான்."

தங்கை சிரித்த சிரிப்பில் இவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"சிரிக்காதடி. அவருதான்னு தெரிஞ்சா அன்னிக்கே பெட்டியைக் கட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்துடுவேன். நம்மள ஒளிஞ்சிருந்து பாக்கற ஆளோட எப்படி ஒரே வீட்டுல இருக்கறது?"

"வா, யாரு வேணாம்னா? அதுக்கு முன்னாடி அவரை நேரா ஒரு வார்த்தை கேட்டுடேன்."

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவாராக்கும்."

"சொல்லமாட்டாருன்னு நீயே முடிவு பண்ணிட்ட. அப்புறம் என்னை எதுக்குக் கேக்கற?" என்று தங்கை போனை வைத்துவிட்டாள்.

6

நேராகக் கேட்கவில்லை. டீ போட்டு எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். அவள் நுழையவும் லேப்டாப்பின் மூடி இறங்கவும் சரியாக இருந்தது.

"என்ன பண்றீங்க?"

"சும்மா சீட்டு விளையாடறேன்."

"ஜெயிச்சீங்களா?"

"எங்க? ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு முழிக்கறேன்."

"தெரிஞ்சவங்க யாரையாவது கேக்கறதுதானே?"

"கேட்டிருக்கேன்" என்றார். "பதில் வரும்."

(இதை அவர் சொன்னாரா, அவளுக்கு அப்படிக் கேட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். அவள் காதில் விழுவதுதான் எனக்கும் விழும்.)

டம்ளரை வாங்கிக்கொண்டு, "கழுத்து வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு."

"உன் வேலை முடிஞ்சிருந்தா அப்படியே ஒரு நடை போயிட்டு வரலாம்னு பாத்தேன்."

"எங்கங்க? ஆபீஸ்ல இன்னிக்கு உயிரை வாங்கறாங்க."

"நேத்தும் அதானே சொன்ன?"

நேற்றும் அதைத்தான் சொன்னாள். அவர் அதைச் சும்மா கேட்டாரா, அல்லது கணக்கில் வைத்துக்கொண்டு கேட்டாரா? அவருடைய முகத்தைத் துருவிப் பார்த்தாள். டீயை ஊதிக்கொண்டிருந்தார். டீயை ஊதுகிற முகத்திலிருந்து எதைத்தான் கண்டுபிடிக்க முடியும்? வெளியே வந்து மேசையில் உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவர்மீது கோபமும் வந்தது. அழவைத்துவிட்டு அவர் டீ குடிக்கிறாரே என்று இருந்தது.

7

நான் திருடிய கேள்வி இங்கேதான் வருகிறது. மறுநாள் மதியம் கத்துக்குட்டி எழுதினார்:

"அக்கா, எல்லாம் ஆயிடுச்சு. ஒரே ஒரு சந்தேகம். பட்டனை அழுத்தினா லேபிள்ல நான் எழுதினது வரணும். வரமாட்டேங்குது. லேபிள்1னே நிக்குது. எரரும் வரல."

கூடவே செல்போன் படம். நட்டநடுவில் ஒரு விண்டோ. மூலையில் பெருக்கல் குறி இல்லை. நடுவில் பெரிய எழுத்தில் 'லேபிள்1'. நிரல் எழுதும் கருவி தானாக வைக்கும் பெயர் அது. பிறந்த குழந்தைக்கு மருத்துவமனையில் கட்டும் எண் அட்டையைப் போல, சொந்தப் பெயர் வைக்கும்வரை ஒட்டிக்கொண்டிருக்கும்.

"முழு கோடும் போடுங்க" என்றாள்.

போட்டார். ஆனால் லேபிளில் வரவேண்டிய வாக்கியம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் புள்ளிகள்.

"அது வீட்டு விஷயம் அக்கா. அதான் மறைச்சிட்டேன்."

தவறு எதுவென்று ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. ஆரம்பக்காரர்கள் எல்லாரும் வந்து விழுகிற அதே குழிதான். ஒரு வரி மாற்றினால் போதும். சொல்லாமல் விட்டால் அந்த விண்டோ என்றைக்கும் லேபிள்1 என்றே நிற்கும். அது யாரையும் ஒன்றும் செய்யாது. அவளும் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் அவளுக்கு என்றைக்கும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் அவளே அதை முடித்துக்கொடுக்க வேண்டும்.

கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள் அறையில் கீபோர்டு சத்தம் இல்லை.

8

அவள் யோசிக்கட்டும். அதற்குள் என்னிடம் இருக்கும் முடிவுகளைக் காட்டிவிடுகிறேன்.

அ. அவள் திருத்திக்கொடுக்கிறாள். அவளுடைய திரையிலேயே அந்த விண்டோ வந்து நிற்கிறது: "இது ஆபீஸ் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும்." பெட்டியைக் கட்டுகிறாள். இதை முழுதாகவே எழுதினேன். அவள் அழுகிற இடம் அருமையாக அமைந்தது. அவளை அழவைத்து நான் ரசித்தேன் என்று உறைத்ததும் எடுத்து ஓரமாகப் போட்டேன்.

ஆ. அதே விண்டோ, வேறு எழுத்து: "ரொம்ப நேரமாச்சு. எழுந்து நடம்மா. கழுத்து என்னத்துக்கு ஆகும்?" இங்கே நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். எனக்கு அதனாலேயே இதை நம்ப முடியவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. மேலே நிற்கும், மூட முடியாது, ஒளிந்திருந்து இயங்கும், எவ்வளவு நேரம் உட்கார்ந்தாள் என்று எண்ணும். அக்கறைக்கு எழுதினாலும் காவலுக்கு எழுதினாலும் நிரல் ஒன்றேதான். லேபிள்தான் வேறு. அக்கறையாகவே இருந்தாலும், அவளைக் கேட்காமல் எண்ணியது எண்ணியதுதானே?

இ. கத்துக்குட்டி வேறு ஏதோ வீட்டில், வேறு ஏதோ பச்சைக் கட்டத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ. கணவர் மெய்யாகவே சீட்டுதான் விளையாடினார். நடந்திருக்க அதிக வாய்ப்பு இதற்குத்தான். அப்படியானால் இத்தனை நாளும் அவள் பக்கத்து அறையில் ஒரு குற்றவாளியைக் குடிவைத்து —

[முடிக்கவில்லை.]

ஈ. அவர்தான் கத்துக்குட்டி, வேவும் இல்லை, ஒன்றும் இல்லை. நடக்கக் கூப்பிட்டால் "வேலை இருக்கு" என்கிறவள், குழுவில் கேட்டால் உடனே பதில் —

[இதையும் நிறுத்திவிட்டேன். தொடர்ந்தால் நானே கண்ணைத் துடைத்துக்கொள்வேன், அப்புறம் என்னை யாரும் நம்பமாட்டார்கள்.]

9

கறார் அக்கா எழுதத் தொடங்கினாள்.

"பட்டனுக்கு எழுதின கோட்ல 'நியூ'ன்னு, அதாவது 'புதுசு'ன்னு, ஒரு வார்த்தை இருக்கு பாருங்க. அங்கதான் தப்பு. அந்த இடத்துல அச்சு அசல் அதே மாதிரி இன்னொரு விண்டோ பிறக்குது. நீங்க எழுத்தை மாத்தினது அந்தப் புதுசுல. அதைக் காட்டச் சொல்லாததால அது யாரு கண்ணுக்கும் தெரியாம உள்ள கிடக்கு. நீங்க எழுதினதும் பத்திரமா அதுலதான் இருக்கு. உங்க எதிர்ல நிக்கறது பழைய விண்டோ. நீங்க அதைத் தொடவே இல்ல."

இங்கே அவளுடைய விரல் நின்றது. எழுதியதை மேலிருந்து ஒருமுறை படித்தாள். குழுவில் எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில்தான். இதுவரை ஒருமுறைகூட அதை அவள் நின்று படித்ததில்லை.

கடைசி வரியைச் சேர்த்தாள்: "புதுசுன்னு உண்டாக்கினதை எடுத்துடுங்க. ஏற்கனவே எதிர்ல இருக்கறதுகிட்டயே நேரா சொல்லுங்க."

குட்டு எதுவும் வைக்காமல் அனுப்பினாள். கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

உள் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. அவருடைய முதுகு தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் லேப்டாப் திறந்திருந்தது. திரையை அவருடைய தோள் மறைத்தது. ஓரடி தள்ளி நின்றால் தெரிந்துவிடும். ஒரு கால் நகரவும் நகர்ந்தது. எட்டிப் பார்த்தால் இதுவும் வேவுதானே என்று தோன்றியதும் காலை இழுத்துக்கொண்டாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் காலியாக இருந்தது, தங்கை வரச் சொல்லியிருந்தாள், அது எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது.

இத்தனை நாள் பட்டுக்கொண்டே இருந்த சந்தேகத்தை அவள் கேட்டாள்.

"ஏங்க, ஒரு சந்தேகம். அது மாறிச்சா?"

அவர் நாற்காலியோடு திரும்பினார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுகிறவரின் முகம். அவர் அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்:

"லேபிள்1."

(மன்னிக்க வேண்டும். அவர் சொன்ன பதிலை நான் எழுதிவிட்டேன், சத்தியமாக எழுதினேன். ஆனால் எழுதியது வேறொரு பிரதியில் போலிருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் பிரதி மாறவில்லை. எரரும் வரவில்லை. எங்கே தவறு, எப்படித் திருத்துவது என்று கறார் அக்கா மேலே தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு வரியை நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். அவள் உள் அறை வாசலில்தான் நின்றுகொண்டிருக்கிறாள்.)